முள்ளை மடக்கிய வருஷம்

ஒரு காட்டில் சிங்கம் இல்லை. கேட்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டுக் காடு எதிலும் சிங்கம் கிடையாது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் டிக்கெட் வாங்கிக்கொண்டு உயிரியல் பூங்காவுக்குத்தான் போக வேண்டும். ஆகவே இந்தக் காட்டுக்குப் புலிதான் ராஜா. பெயர் வீரபத்திரன்.

ஒரு காலத்தில் அவர் இருமினாலே ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கும் மிளா மான்கள் மலையேறி ஓடும். இப்போது அவருக்கு வயதாகிவிட்டது. பாய்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மானைத் துரத்திக்கொண்டு போவார், பாதி வழியில் மானே நின்று திரும்பி, "ராஜாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று விசாரிக்கும். பசியைக்கூடத் தாங்கிக்கொண்டார். அந்த விசாரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மனோரஞ்சிதம் என்ற மைனா காட்டுக்குத் திரும்பி வந்தாள். அவள் நகரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டு பால்கனியில், கூண்டில் வளர்ந்தவள். வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தார். பகல் முழுக்கப் போனில்தான் பேச்சு. இலக்கு, சுயபரிசீலனை, வளர்ச்சி என்று அவர் பேசியதையெல்லாம் கேட்டுக் கேட்டு மனோரஞ்சிதத்துக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஒருநாள் கூண்டுக்குத் தண்ணீர் வைக்க வந்தவர், கதவைத் திறந்து போட்டுவிட்டு, "உங்க வளர்ச்சியில எனக்கு உண்மையான அக்கறை இருக்கு" என்று சொல்லி யாரையோ வேலையை விட்டு நீக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அவள் பறந்துவிட்டாள்.

வந்தவள் நேராக ராஜாவின் குகைக்குப் போனாள்.

"ராஜா, நீங்கள் எதற்காக ஓடுகிறீர்கள்?"

"ஓடாம எப்படிம்மா சாப்பிடறது?"

"மற்ற மிருகங்களை வளர வைத்தால் போதும்."

"வளர்ந்தா இன்னும் வேகமால்ல ஓடுவாங்க?"

"எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று சொல்லப்போவது நாம்தானே, ராஜா."

வீரபத்திரனுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அன்றைக்குக் காலையிலிருந்து அவர் சாப்பிட்டது ஒரு தவளை மட்டும். தலையாட்டினார்.

மார்கழி கடைசி நாள் காலையில் எல்லா மிருகங்களையும் ஓடைக்கரைப் பாறைக்கு வரச் சொன்னார்கள். பாறையின் உச்சியில் ராஜா படுத்திருந்தார். மனோரஞ்சிதம் அவருடைய காதோரம் உட்கார்ந்து அறிவித்தாள்.

"அன்புள்ள நண்பர்களே! ஓர் ஆண்டு முடிகிறது. ஒவ்வொருவரும் மேலே வந்து, போன ஆண்டில் தன்னிடம் கண்ட குறை என்ன என்று மனம் திறந்து சொல்ல வேண்டும். வரும் ஆண்டுக்கு ஓர் இலக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இலக்கை எட்டியவரையும் அவர் குடும்பத்தையும் ராஜா இனி வேட்டையாட மாட்டார்."

கூட்டம் ஆரவாரம் செய்தது. கூட்டத்தில் இருந்த முயல் சுப்பக்குட்டி மட்டும் காதை உயர்த்திக் கேட்டது.

"எட்டாட்டி?"

"குகைக்கு வந்து ராஜாவிடம் தனி ஆலோசனை பெற வேண்டும்."

"ஆலோசனை முடிஞ்சு எப்போ திரும்பி வரலாம்?"

"அது அவரவர் ஒத்துழைப்பைப் பொறுத்தது" என்றாள் மனோரஞ்சிதம்.

முதலில் ஏறியது புள்ளிமான் கோமதி. "எனக்கு எதுக்கெடுத்தாலும் பதற்றம். ஒரு இலை விழுந்தாக்கூட ஓடிடறேன். நிம்மதியா மேய்ஞ்சு எத்தனையோ நாளாச்சு" என்று சொல்லும்போதே அவள் கண் கலங்கியது.

"அருமையான சுயபரிசீலனை. இந்த ஆண்டு எந்தச் சத்தம் கேட்டாலும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அதுதான் உங்கள் இலக்கு."

அடுத்தது காட்டுப்பன்றி மாடக்கண்ணு. "எனக்கு உடம்பு ஜாஸ்தி. இந்த வருஷம் இளைக்கலாம்னு இருக்கேன்."

மனோரஞ்சிதம் அலகைச் சுளித்தாள். "வளர்ச்சி என்றால் கூடுவது. குறைவது எப்படி வளர்ச்சியாகும்? ஆண்டு முடிவதற்குள் ஒரு சுற்று கூடிக் காட்டுங்கள்."

மாடக்கண்ணுவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவ்வளவு சுலபமான இலக்கை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்று அவன் நினைத்தான்.

உடும்பு ஒன்று தவழ்ந்து மேலே வந்தது. "போன வருஷம் ஒரு பாறையைப் பிடிச்சிக்கிட்டிருந்தேன். இந்த வருஷமும் அதையே பிடிச்சிக்கிட்டு இருக்கலாம்னு இருக்கேன்."

"இதில் வளர்ச்சி எங்கே இருக்கிறது?"

"பாறை வளரட்டும்" என்று சொல்லிவிட்டு அது இறங்கிப் போய்விட்டது.

கடைசியில் ஏறியவன்தான் பேச்சியப்பன். இந்தக் கதை அவனுடையது.

பேச்சியப்பன் ஒரு முள்ளம்பன்றி. உழைப்பாளி. காட்டிலேயே இனிப்பான கிழங்கு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததை மற்றவர்களுக்கும் சொல்லுவான். ஆனால் கோபக்காரன். யாராவது பின்னால் வந்து கூப்பிட்டால் போதும், முதுகு முழுக்க முள் சிலிர்த்து நிற்கும். மச்சினன் ஒருமுறை ஆசையாகக் கட்டிப்பிடித்து, ஒரு வாரம் குப்புறப் படுத்துக் கிடந்தான். அதற்கெல்லாம் பேச்சியப்பன் வருந்தியதில்லை. அவன் வருந்தியது வேறொன்றுக்கு.

அவனுக்கு ஒரே மகள், பவளம். போன சித்திரையில் திடீரென்று கோடை இடி இடித்தபோது, குட்டி பயந்து "அப்பா" என்று அவன் மேல் வந்து விழுந்தது. அவனும் அதே இடிக்குப் பயந்துபோயிருந்தான். முள் எழுந்துவிட்டது. பவளத்தின் கன்னத்தில் ரத்தம். காயம் சீக்கிரமே ஆறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவள் அப்பாவிடம் எதுவாக இருந்தாலும் சற்றுத் தள்ளி நின்றே பேசினாள். நன்றாகத்தான் பேசினாள், சிரித்துக்கொண்டுதான் பேசினாள். ஆனால் தள்ளி நின்று.

பாறை மேல் நின்று அவன் இதையெல்லாம் சொல்லவில்லை. "என் முள்ளுதான் என் குறை. என்ன நடந்தாலும் இந்த வருஷம் ஒரு முள்ளுகூட எந்திரிக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னான்.

கூட்டம் கைதட்டியது. மனோரஞ்சிதம் மெதுவாக ராஜாவின் பக்கம் திரும்பினாள். இத்தனை வருஷ ஆட்சியில் முள்ளம்பன்றிக் கறியை அவர் ருசி பார்த்ததே இல்லை. ராஜா எச்சிலை விழுங்கிக்கொண்டு, "நல்ல இலக்கு" என்றார். அன்று அவர் வாய் திறந்து பேசியது அவ்வளவுதான்.

வளைக்குத் திரும்பும் வழியெல்லாம் பேச்சியப்பனின் மனைவி சொர்ணம் பேசிக்கொண்டே வந்தாள்.

"கோபத்தை விடுங்க. வேண்டாம்னு நான் சொல்லலை. முள்ளை எதுக்குங்க விடணும்?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எப்படி ஒண்ணாகும்? கோபம் உங்களுது. முள்ளு நம்ம குடும்பத்துக்கே பொது."

பேச்சியப்பன் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் கோபம் வரும், கோபம் வந்தால் முள் வரும் என்று அன்றைக்கே ஆரம்பித்துவிட்டான்.

பயிற்சி சுலபமாக இல்லை. தினமும் காலையில் ஓடைக்கரையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். சொர்ணம் எங்கேயாவது மறைந்திருந்து திடீரென்று கத்த வேண்டும். முதல் சில வாரம் கத்திய ஒவ்வொரு முறையும் முள் சிலிர்த்தது. சொர்ணத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. கஷாயம் குடித்துவிட்டு மறுபடியும் கத்தினாள். புருஷன் செய்வது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அரைகுறையாகச் செய்வது அதைவிடப் பிடிக்கவில்லை.

செய்தி பரவியதும் குரங்குகள் வேலையற்றுப்போய் அவன் முதுகில் விளாம்பழத்தை எறிந்து பார்த்தன. "என்ன பேச்சியண்ணே, இன்னிக்கும் படுத்தே இருக்கா?" என்று மரத்துக்கு மரம் கூவின. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் அந்தப் பழத்தையே பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோனான். ஆனி பிறந்தபோது முள் பாதி எழுந்து தானாகவே படுத்தது. ஆடிக் காற்றில் காடே ஊளையிட்டபோது அது அசையவே இல்லை.

அந்த ஆடியில்தான் கோமதியின் செய்தி வந்தது.

அவள் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்தாளாம். பின்னால் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டதாம். பழைய கோமதியாக இருந்தால் அந்நேரம் அடுத்த மலையில் இருந்திருப்பாள். புதிய கோமதி, மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றாளாம். வீரபத்திரன் ஓடவில்லை. நடந்துதான் வந்தாராம்.

மனோரஞ்சிதம் காடு முழுக்கப் பறந்து அறிவித்தாள். "கோமதி தன் இலக்கை முழுமையாக எட்டினார். இந்த ஆண்டின் முதல் வெற்றியாளர்!"

கோமதியின் தங்கை அழுதுகொண்டே வந்து கேட்டாள். "இலக்கை எட்டினவங்களை ராஜா தொடமாட்டார்னு சொன்னீங்களே?"

"எட்டிய பிறகுதான் அந்தச் சலுகை, அம்மா. அவர் இலக்கை எட்டிய கணமும் ராஜா அவரை எட்டிய கணமும் ஒன்றாகிவிட்டது. மிக அபூர்வம்."

அன்று மத்தியானம் சொர்ணம் கிழங்கைத் தோண்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏங்க, உங்களுக்குப் புரியுதா? அந்த மைனா சொல்ற இலக்கெல்லாம் போய்ச் சேர்ற இடம் ஒரே வாயா இருக்கு."

"புரியுது."

"புரிஞ்சுமா?"

பேச்சியப்பன் தூரத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தான். "நான் அந்த மைனாவுக்காக ஆரம்பிக்கலை, சொர்ணம்."

அவளுக்கும் அது தெரியும். அதனால்தான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் பகலிலேயே வானம் இருட்டி, தலைக்கு மேலே இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். வளை வாசலில் நின்றிருந்த பவளம், யோசிக்க நேரமில்லாமல், நேராக ஓடிவந்து அப்பாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்புறம்தான் எங்கே வந்து விழுந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. உடம்பை விறைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் குத்தவில்லை.

"அப்பா?"

"ம்."

"இன்னொரு இடி வருது."

"வரட்டும்."

வந்தது. ஒரு முள்ளும் எழவில்லை. பவளம் அப்படியே சாய்ந்து, மழை பெய்து முடிகிறவரை தூங்கினாள். பேச்சியப்பனுக்கு ஒரு கால் மரத்துப்போய்விட்டது. அவன் அசையவில்லை. சொர்ணம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமலேயே உள்ளே போய்விட்டாள்.

அந்த மழைக்குப் பிறகு பவளம் அப்பாவை விட்டு நகரவில்லை. அவன் போகிற இடமெல்லாம் ஒட்டிக்கொண்டே போனாள்.

மறுபடியும் மார்கழி வந்தது. மறுபடியும் ஓடைக்கரைப் பாறை. கூட்டம் போன வருஷத்தைவிடச் சிறியதாக இருந்தது. ராஜா போன வருஷத்தைவிடப் பெரியதாக இருந்தார்.

மாடக்கண்ணுவை இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளி மேலே ஏற்றினார்கள். அவன் ஒரு சுற்று அல்ல, மூன்று சுற்றுக் கூடியிருந்தான்.

"வாழ்த்துகள்!" என்றாள் மனோரஞ்சிதம். "இலக்கை எட்டிவிட்டீர்கள். இலக்கு வரை வளர்ந்த உடம்பை ராஜா தொடமாட்டார். அதற்கு மேல் வளர்ந்த பகுதிக்கு மட்டும் இந்தச் சலுகை பொருந்தாது."

மாடக்கண்ணு யோசித்தான். "அந்தப் பகுதியை மட்டும் எப்படித் தனியா எடுப்பாங்க?"

"அது ராஜாவின் கவலை. நீங்கள் ஓரமாக நில்லுங்கள்."

அவன் பெருமையோடு ஓரமாக நின்றான்.

அடுத்து பேச்சியப்பன். குரங்குகள்கூட மரத்திலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தன.

"நீங்கள் எட்டியதை நாங்கள் நம்புகிறோம்" என்றாள் மனோரஞ்சிதம். "இருந்தாலும் ஒரு சின்னப் பரிசோதனை. ராஜா உங்களைத் தொட்டுப் பார்ப்பார். ஒரு முள்ளும் எழக் கூடாது. எழாவிட்டால் உங்கள் குடும்பத்துக்கு இனி எந்தப் பயமும் இல்லை."

வீரபத்திரன் எழுந்து வந்து, முன்னங்காலை அவன் முதுகில் வைத்தார். அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. சின்ன வயதில் ஒரு முள்ளம்பன்றியிடம் வாங்கிய குத்து இன்னும் நினைவிருந்தது. பேச்சியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். மழை நாளை நினைத்துக்கொண்டான். முள் வழித்துச் சீவிய தலைமுடி போல் படிந்தே கிடந்தது.

"அடேயப்பா. மெத்தை மாதிரி இருக்கே" என்றார் ராஜா.

கூட்டம் கைதட்டியது. ராஜா குனிந்தார். அவருடைய மூச்சின் சூடு கழுத்தில் பட்டது. கோமதி கடைசியாகக் கேட்டது என்ன சத்தமாக இருந்திருக்கும் என்று பேச்சியப்பனுக்கு அப்போது விளங்கியது. ஆனாலும் அவன் முள் எழவில்லை. தான் போனாலும் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ராஜா குடும்பத்தை விட்டுவிடுவார் என்று நம்பினான். பயிற்சி அவ்வளவு நன்றாகப் பலித்திருந்தது.

அந்த நேரம் பவளம் அம்மாவின் பிடியிலிருந்து நழுவிவிட்டாள். புலியைப் பார்த்து அவளுக்குப் பயம். பயம் வந்தால் எங்கே போக வேண்டும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். பாறை மேல் ஓடிவந்து அப்பாவோடு ஒட்டிக்கொண்டாள்.

வீரபத்திரன் வாயை மூடிக்கொண்டு, குனிந்து பார்த்தார்.

"இது யாரு, குட்டியா? இதுக்கு முள்ளே இன்னும் சரியா முத்தலியே." குரலில் நிஜமான அன்பு இருந்தது. "முதல்ல இதைப் பார்ப்போம்."

அதற்குப் பிறகு நடந்தது பேச்சியப்பனுக்கே சரியாக ஞாபகம் இல்லை. பார்த்தவர்கள் சொன்னதுதான். இத்தனை மாதமாகப் படுத்துக் கிடந்த முள்ளெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நின்றதாம். காய்ந்த மூங்கில் புதரைக் காற்று உலுக்கியது போலக் கலகலவென்று ஒரு சத்தமாம். முள் இல்லாத வயிற்றுக்கு அடியில் மகளைத் தள்ளிக்கொண்டு, முதுகைக் காட்டிப் பின்பக்கமாகவே பாய்ந்தானாம். ராஜாவின் மூக்கிலும் உதட்டிலும் தாடையிலும் இடமே மிச்சமில்லை.

வீரபத்திரன் போட்ட அலறலில் ஓடைத் தண்ணீர் நடுங்கியது. பாறையிலிருந்து உருண்டு, ஓடையைத் தாண்டி, அந்தப் பக்கத்து மலை மேல் ஏறி அவர் போய்க்கொண்டே இருந்தார். இந்தக் காட்டில் அவரை யாரும் மறுபடி பார்க்கவில்லை.

மனோரஞ்சிதம் தொண்டையைச் செருமினாள்.

"பேச்சியப்பன். இலக்கு எட்டப்படவில்லை."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "அடடா" என்றது ஒரு குரங்கு. மாடக்கண்ணு நிஜமான வருத்தத்தோடு கிட்டே வந்தான்.

"இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா ஜெயிச்சிருப்பியே, மாப்ளே. கொஞ்சம் நிதானம் வேணாமா?"

"ஒரு வருஷ உழைப்பு" என்று சொல்லும்போதே பேச்சியப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. "ஒரே நொடியில கெடுத்துட்டேன்."

சொர்ணம் மகளின் உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கெடுத்தது போதும், வாங்க வீட்டுக்கு" என்றாள்.

"வீட்டுக்கு இல்லை. தனி ஆலோசனைக்கு" என்றாள் மனோரஞ்சிதம். "விதி எல்லோருக்கும் ஒன்றுதான்."

பேச்சியப்பன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். தலையைக் குனிந்துகொண்டு ராஜாவின் குகைக்குப் போனான். சொர்ணம் திட்டிக்கொண்டே பின்னால் போனாள். பவளம் எப்போதும்போல ஒட்டிக்கொண்டு போனாள். குகையில் யாரும் இல்லை. ஆலோசனை சொல்ல ஆள் வரும் வரை காத்திருப்பதுதான் முறை என்று அவன் ஒரு மூலையில் உட்கார்ந்தான். குகை ஈரமில்லாமல், நல்ல காற்றோட்டமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் சொர்ணம் எலும்பையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு, கிழங்கு வைக்க ஓர் இடம் ஒதுக்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் வெளியே ஏதோ சலசலப்புக் கேட்டு அவன் எட்டிப் பார்த்தான். இலக்கை எட்டாத மிருகங்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. மனோரஞ்சிதம் வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தாள். முதலில் நின்றது சுப்பக்குட்டி முயல்.

"கண்ணை இறுக்க மூடிக்கிட்டுத் தூங்கணும்கிறது என் இலக்கு. முடியலை. கண்ணை மூடினா தூக்கம் வர மாட்டேங்குது" என்றது. "ஆலோசனைக்கு வந்திருக்கேன், ராஜா."

"நான் ராஜா இல்லைப்பா."

"குகையில இருக்கீங்களே."

பேச்சியப்பன் குழம்பிப்போனான். "இப்ப நான் உன்னை என்ன செய்யணும்?"

"சாப்பிடணும்னு நினைக்கிறேன்."

"நான் கிழங்குதான் தின்பேன்."

முயலின் முகம் வாடிவிட்டது. "நேத்து ராத்திரியே வீட்டுல எல்லாரிடமும் சொல்லிட்டு வந்துட்டேனே."

"போய், கண்ணைத் திறந்து வச்சிக்கிட்டே தூங்கு. போ."

"அவ்வளவுதானா ஆலோசனை?" முயல் நம்பாமல் நின்றது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. விடியற்காலையிலிருந்து பட்டினியாக வந்து நிற்கிறவர்களை இப்படி ஏனோதானோவென்று அனுப்புவது நியாயமா என்று யாரோ கேட்டார்கள். பழைய ராஜாவானால் முறையாகச் செய்திருப்பார் என்று இன்னொருவர் சொன்னார்.

மனோரஞ்சிதம் பறந்து வந்து அவன் காதோரம் உட்கார்ந்தாள்.

"கவலைப்படாதீர்கள், ராஜா. புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு இது சகஜம். நாம் உங்களிடமிருந்தே தொடங்கலாம். போன ஆண்டில் உங்களிடம் நீங்கள் கண்ட குறை என்ன?"

பேச்சியப்பன் முதுகில் உள்ள முள்ளை எல்லாம் ஒன்று விடாமல் நிறுத்திக் காட்டினான். வரிசை கலைந்து நாலா பக்கமும் ஓடியது. மனோரஞ்சிதம் உச்சாணிக் கிளைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, "இதைத்தான் குறித்துக்கொள்கிறேன்" என்று கத்தினாள்.

அவன் முள்ளை மடக்கிக்கொண்டு உள்ளே போனான். பவளம் வந்து முதுகில் சாய்ந்துகொண்டாள்.

நீதி: உன் குறையைத் திருத்திக்கொள்ளும் முன், அந்தக் குறையால் இத்தனை நாளும் பட்டினி கிடந்தவர் யார் என்று விசாரித்துக்கொள்.